தொவில்: அச்சமும் சிரிப்பும்
பேய்வீட்டில் அலறலையும் சிரிப்பையும் கலந்த படமென்று நொபுஹிகோ ஓபயாஷியின் ‘ஹவுஸ்’ (ஜப்பான், 1977) பேசப்படுகிறது. இலங்கையின் தாழ்நிலச் சிங்களப் பகுதியில் அந்தக் கலவை மிகப் பழையது.

அங்கே நோய் தீர்க்கப் பேயோட்டும் தொவில் சடங்கு நோயாளியின் வீட்டு முற்றத்தில் அந்தியில் தொடங்கி விடியும்வரை நீளும். முதலில் பந்தமும் மேளமும் அச்சமூட்டும். பிறகு முகமூடியணிந்த சன்னிப் பேய்கள் ஒவ்வொன்றாக வரும். மரபுப்படி அவை 18. செவிடு, குருடு, முடம் என ஒவ்வொன்றுக்கும் ஒரு பிணி. மேளக்காரர் அவற்றோடு வாயாடுவார், கொச்சையாகவும் கிண்டலடிப்பார், கூடியிருப்போர் சிரிப்பார்கள். கடைசியில் பேய்கள் புத்தரின் ஆணைக்கு அடங்கி, காணிக்கை பெற்று விலகும்.

மானிடவியலாளர் புரூஸ் கப்ஃபெரர் 1983இல் வெளியிட்ட நூலில் இந்த நகைச்சுவையைச் சிகிச்சையின் மையமாகவே விளக்கினார். வெறும் கேளிக்கையென்று ஒதுக்குவதைவிட அதுவே பொருத்தம். அம்பலாங்கொடையில் செதுக்கப்படும் முகமூடிகள் இன்று சுற்றுலாப் பயணிகளுக்கும் விற்கப்படுகின்றன.