வேர் உன்னைத் தாங்குகிறது

ஒரு விஷயத்தை ஒத்துக்கொண்டே ஆரம்பிக்கிறேன். ரோமர் நிருபத்தை நான் பலமுறை வாசித்திருக்கிறேன். ஆனால் 9, 10, 11 அதிகாரங்கள் வந்தால் வேகமா தாண்டிடுவேன். "அது யூதர்களைப் பற்றியது, நமக்கென்ன?" என்ற நினைப்புதான். அந்த நினைப்புக்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது.

"இயேசுவைக் கொன்றவர்கள் யூதர்கள், கடவுள் அவர்களைத் தள்ளிவிட்டார், அவர்கள் இடத்துக்குத் திருச்சபை வந்துவிட்டது." பல நூற்றாண்டுகளாக ஐரோப்பியப் பிரசங்க மேடைகளில் ஒலித்தது இதுதான்.

இதை எதிர்த்து நின்றவர் ஜூல் ஐசக். பிரான்சின் பள்ளிப் பிள்ளைகளுக்கு வரலாற்றுப் பாடநூல் எழுதிய யூதர். 1943-ல் அவர் மனைவியையும் மகளையும் நாஜிகள் பிடித்துக்கொண்டு போனார்கள். இருவரும் திரும்பவே இல்லை. ஐசக் தலைமறைவாக இருந்தபடியே சுவிசேஷங்களை வரிவரியாக ஆராய்ந்தார். யூதர்களை இழிவாகப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தது சுவிசேஷமா, பின்னால் வந்த போதகர்களா? இதுதான் அவர் கேள்வி. 1948-ல் புத்தகம் வெளிவந்தது.

1960 ஜூன் 13. 82 வயது ஐசக் போப் 23-ஆம் யோவானைச் சந்தித்து, இந்தப் போதனையைத் திருத்துங்கள் என்று கேட்டார். புனித வெள்ளி மன்றாட்டில் யூதர்களைக் குறித்து இருந்த ஒரு கடுஞ்சொல்லை அதற்கு முந்தைய வருஷமே நீக்கியிருந்தவர் இந்தப் போப். கார்டினல் பேயாவிடம் பொறுப்பு போனது. எதிர்ப்பு இல்லாமல் இல்லை. வரைவு பலமுறை மாறியது. 1965 அக்டோபர் 28 அன்று, 2,221 பேர் ஆதரவு, 88 பேர் எதிர்ப்பு என்ற வாக்குகளோடு, இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் 'நோஸ்த்ரா ஏத்தாத்தே' அறிக்கை நிறைவேறியது. இயேசுவின் பாடுகளுக்கான பழியை அன்றைய யூதர் எல்லார் மேலும், இன்றைய யூதர் மேலும் சுமத்தக்கூடாது என்றது அது. கூடவே, கடவுளின் அழைப்பு மாறாதது என்றும் சொன்னது. அதற்கு ஆதாரம்? நான் தாண்டிப்போன அதே ரோமர் 11-தான்!

ஐசக் அதைப் பார்க்கவில்லை. 1963-லேயே இறந்துவிட்டார்.

1980-ல் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில், யூதத் தலைவர்கள் முன்னால், போப் 2-ஆம் யோவான் பவுல், பழைய உடன்படிக்கை கடவுளால் ஒருபோதும் ரத்து செய்யப்படவில்லை என்றார். ஆனால் அந்த உடன்படிக்கையும் கிறிஸ்துவும் எப்படிச் சேருகிறார்கள் என்ற விவாதம் இன்னும் முடியவில்லை.

பவுலின் ஒலிவ மர உவமையை இப்போது நிதானமா வாசிக்கிறேன். ஒட்டவைத்த கிளை மற்றக் கிளைகளைப் பார்த்துப் பெருமை பேசக்கூடாது என்கிறார். யோசிச்சுப் பாருங்க. ஆபிரகாமுக்குக் கொடுத்த வாக்கையே கடவுள் கைவிடுவார் என்றால், நமக்குக் கொடுத்த வாக்கை எதை நம்பிப் பிடித்துக்கொள்வது?