வேலியில் நிற்கும் உறவு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரவுப் பணி முடித்து வீடு திரும்புகிறவர் முதலில் தேடுவது உணவையன்று, அமைதியை. ஆலைகளின் இரைச்சல் செவியை விட்டு அகலச் சிறிது நேரம் ஆகும். அதற்கு வாசலில் நாலு செடி, ஒரு கல்லிருக்கை, மெல்லிய நறுமணம் இருந்தால் போதும். அந்த நறுமணத்துக்கு இன்று பலர் சொல்லும் பெயர் லாவண்டர். அதிகம் தண்ணீர் கேளாத செடி என்று கேள்விப்பட்டு, அதையே நட விரும்புகிறவர்களும் உளர். ஆசை நல்லதே. ஆனால் அச்செடியின் வரலாறு நமக்குச் சொல்வது வேறொன்று.

லாவண்டர் மத்தியதரைக் கடலோரக் கற்சரிவுகளில் பிறந்தது. கோடையில் மழை காணாத நிலம் அது. அதற்கேற்ப இலை குறுகியது; மேலே சாம்பல் நிற நுண்மயிர் படர்ந்து வெயிலைத் தடுத்து, ஈரத்தைக் காத்தது. ‘கழுவுதல்’ எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்தே அதன் பெயர் வந்தது என்பர் பலர்.

உரோமைப் பேரரசு வீழ்ந்தபின் ஐரோப்பாவில் மூலிகை அறிவைக் காத்தவர்களுள் முதன்மையானோர் துறவியர். ஏறத்தாழ கி.பி. 820-இல் வரையப்பட்ட புனித கால் மடத்தின் வரைபடம் இன்றும் இருக்கிறது. அதில் நோயாளர் இல்லத்தை அடுத்து, பதினாறு பாத்திகள் கொண்ட மூலிகைத் தோட்டம் குறிக்கப்பட்டுள்ளது. துறவியரின் தோட்டம் அழகுக்காக மட்டும் அமைந்ததன்று. அயலாரின் நோய்க்கு மருந்தும் அங்கேதான் விளைந்தது. 2012-இல் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவிக்கப்பட்ட புனித ஹில்டெகார்டு, 12-ஆம் நூற்றாண்டிலேயே லாவண்டரின் பயனை எழுதி வைத்தார். தென் பிரான்சில் 1148-இல் நிறுவப்பட்ட செனாங்க் மடத்தின் முன்னே இன்றும் லாவண்டர் வயல் பூக்கிறது. அங்கே அது விருந்தாளியன்று. அந்த மண்ணின் பிள்ளை.

நம் நாட்டிலும் அது வேரூன்றிய இடம் உண்டு. ஜம்முவின் பதர்வா மலைப்பகுதியில், சோளம் பயிரிட்ட உழவர் பலர் அண்மை ஆண்டுகளில் லாவண்டருக்கு மாறினர். ‘ஊதாப் புரட்சி’ என்று அதற்குப் பெயர். ஆனால் பதர்வாவின் குளிர் வேறு. திருவள்ளூரின் புழுக்கம் வேறு. வறட்சியைத் தாங்கும் லாவண்டர், ஈரக் காற்றோடு கூடிய வெம்மையைத் தாங்காது. வடகிழக்குப் பருவமழையில் நீர் தேங்கினால் அதன் வேர் அழுகிவிடும்.

அப்படியானால் நமக்கு அந்த நிழலும் நறுமணமும் இல்லையா? நம் வேலியைப் பார்ப்போம். அங்கே நொச்சி நிற்கிறது. லாவண்டர், துளசி, தும்பை, புதினா, நொச்சி ஆகிய அனைத்தும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்கின்றனர் இன்றைய தாவரவியலார். நொச்சியின் பூவும் ஊதாச் சாயல் உடையது. மேலைநாட்டார் துணிப் பெட்டியில் லாவண்டர் வைத்துப் பூச்சியை விலக்கினர். நம் பாட்டிமார் தானியக் குதிரில் நொச்சி இலை இட்டனர். நீர்க்கோவைக்கு நொச்சி ஆவியும், கொசுவுக்கு நொச்சிப் புகையும் நம் இல்லங்கள் அறிந்தவை. நொச்சியின் நெருங்கிய இனமான மத்தியதரைச் செடி ஒன்றை ஐரோப்பியர் ‘துறவியர் மிளகு’ என்றே அழைத்தனர். நம் இலக்கண மரபிலோ, மதிலைக் காக்கும் வீரர் சூடும் பூ நொச்சி. வீட்டு எல்லையைக் காக்க அதைவிடப் பொருத்தமான செடி வேறு ஏது?

இது வெறும் அழகு பற்றிய பேச்சன்று, தண்ணீர் பற்றியது. 1944-இல் நிறைவுற்ற பூண்டி நீர்த்தேக்கம் முதல், 2020-இல் திறக்கப்பட்ட கண்ணன்கோட்டை – தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கம் வரை, சென்னையின் தாகம் தீர்க்கத் திருவள்ளூர் மாவட்டம் நீர் தந்து வருகிறது. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளின் ஆழ்துளைக் கிணறுகளும் நகருக்கு நீர் வழங்கின. அளவுக்கு மிஞ்சி உறிஞ்சியதால் மீஞ்சூர்ப் பகுதியின் நிலத்தடியில் கடல்நீர் பல கிலோமீட்டர் உட்புகுந்தது. இனித்த கிணறுகள் உவர்த்தன. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் ஏறக்குறைய வறண்டு, குடங்கள் தெருவில் வரிசையாக நின்றதை நாம் மறக்கவில்லை. அத்தகைய மண்ணில் அயல்நாட்டுப் புல்வெளிக்கு நாள்தோறும் குழாய் திறந்துவிட்டு அதன் நடுவே அமைதி தேடுவது முறையாகுமா? அடுத்த வீட்டுக் குடம் காலியாக இருக்கும்போது நம் தோட்டத்தில் கிடைப்பது அமைதியன்று, மறதியே.

எளிய வழி உண்டு. ஐப்பசி மழை தொடங்கும்போது நொச்சிப் போத்துகளை வேலியோரம் ஊன்றலாம். மழைநீர் சேகரிப்பு 2003-இல் தமிழகமெங்கும் கட்டாயமாக்கப்பட்டது. கூரைநீரை அவ்வாறே குழிக்குள் இறக்கலாம். பாத்தியில் சருகைப் பரப்பினால் ஈரம் நிற்கும். முதற்கோடையில் மட்டும் சிறிது நீர் வார்த்தால், பின்னர் வேர் தன் வழியைத் தானே தேடிக்கொள்ளும். முற்றத்தில் துளசி, மழைக்குப்பின் தானே முளைக்கும் தும்பை. இவற்றின் நடுவே ஓர் இருக்கை.

ஆண்டவர் தம் துயர இரவில் செபிக்கச் சென்ற கெத்சமனியும் ஒரு தோட்டமே. அங்கே நின்றவை ஒலிவ மரங்கள். வறண்ட அந்த நாட்டுக்கே உரியவை. நம் வேலியோரத்து நொச்சியும் நமக்கென நிற்பதே. அதன் நிழலில் அமர்பவர் தம் மண்ணோடும் அயலாரோடும் சமாதானமாக அமரலாம்.