ஸ்கூல்ல ஃபாரின் டூர் கூப்பிடுறாங்களா? செல்ஃபி தாண்டி என்ன கிடைக்கும்?

'சிங்கப்பூர் கல்விச் சுற்றுலா. விருப்பம் உள்ள மாணவர்கள் பெயர் கொடுக்கலாம்.' கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்பில் இப்படி ஒரு மெசேஜ் வந்ததுமே உங்க மனசு ஏர்போர்ட்டுக்குப் போயிடும். அப்பாவோட மனசு வீட்டுக் கணக்குக்குப் போகும். "இதையெல்லாம் யூடியூப்லயே பார்த்துக்கலாமே?" என்று அவர் கேட்டால், அது நியாயமான கேள்விதான். நிறைய பள்ளிகள் தேர்ந்தெடுக்கும் சிங்கப்பூரையே எடுத்துக்கொண்டு பதில் தேடுவோம்.

பாடம் கண் முன்னாடி நிற்கும்

2008-ல் திறக்கப்பட்ட மெரினா பேரேஜ், நகரத்தின் நடுவிலேயே நன்னீரைத் தேக்கி வைக்கும் தடுப்பணை. கனமழை பெய்தால், கடல் மட்டம் தாழ்ந்திருக்கும்போது மதகைத் திறந்து அதிகப்படி தண்ணீரை வெளியே விடுகிறார்கள். கடல் மட்டம் உயர்ந்திருந்தால் ராட்சத பம்புகள் அந்த வேலையைச் செய்கின்றன. வெள்ளத்தில் முழங்கால் அளவு தண்ணீரில் நடந்த சென்னைப் பிள்ளைக்கு, அங்கே நிற்கும்போது ஒரு கேள்வி வரும்: 'நம்ம ஊர்ல மழைத்தண்ணி எந்த வழியா கடலுக்குப் போகுது?' அந்தக் கேள்வியோடு ஊர் திரும்பினால், அதுவே பெரிய லாபம்.

மொழியும் மனிதர்களும்

மலாய், மாண்டரின், தமிழ், ஆங்கிலம் என நான்கும் அங்கே ஆட்சி மொழிகள். வேறொரு நாட்டின் அறிவிப்புப் பலகையில் தமிழைப் பார்ப்பது தனி அனுபவம். தமிழர்கள் அங்கே எப்படிப் போனார்கள், என்ன வேலை செய்தார்கள் என்பதை லிட்டில் இந்தியாவில் இருக்கும் இந்திய மரபுடைமை நிலையத்தில் தெரிந்துகொள்ளலாம்.

சாப்பாட்டுக்கு ஹாக்கர் சென்டர் போங்க. பல இனத்து உணவும் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும். 2020-ல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பிடித்த கலாசாரம் இது. சாப்பிட்டு முடித்ததும் தட்டை நீங்களேதான் எடுத்து வைக்கணும். அது அங்கே சட்டம்.

உங்க பர்ஸ், உங்க பொறுப்பு

பாஸ்போர்ட்டைப் பத்திரமாக வைப்பது, கையில் இருக்கும் டாலரை நாலு நாளுக்குப் பிரிப்பது, இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும் கடிகாரத்துக்குப் பழகுவது, ரூம்மேட்டோடு ஒத்துப்போவது... அம்மா பக்கத்தில் இல்லாதபோது இதெல்லாம் தானாக வரும். கூச்ச சுபாவம் உள்ளவர்கள் வழி கேட்கவாவது வாயைத் திறந்தாகணும்!

காசு இல்லைன்னா?

கடன் வாங்கிப் போக வேண்டிய அவசியம் இல்லை. திறமைக்குத் திறக்கும் கதவுகளும் இருக்கு.

* மத்திய அரசின் 'இன்ஸ்பயர் மானக்' திட்டத்துக்கு உங்க அறிவியல் ஐடியாவைப் பள்ளி மூலம் அனுப்பலாம். தேர்வானால் 10,000 ரூபாய் கிடைக்கும். தேசிய அளவில் வென்றவர்கள் ஜப்பானுக்கும் போயிருக்கிறார்கள்.
* அவர்களை அழைத்தது, ஜப்பான் 2014 முதல் நடத்தும் 'சகுரா சயின்ஸ்' திட்டம்.
* தமிழக அரசும் போட்டிகளில் வெல்லும் அரசுப் பள்ளி மாணவர்களை வெளிநாடு அழைத்துப் போகிறது. 2022 நவம்பரில் ஒரு குழு ஷார்ஜா புத்தகக் காட்சியைப் பார்த்துவிட்டு வந்தது.

பெயர் கொடுக்கும் முன்...

* பயணத் திட்டத்தை வாங்கிப் படிங்க. தீம் பார்க்கும் ஷாப்பிங்கும் மட்டுமே இருந்தால் அது வெறும் டூர்தான். ஒரு பள்ளிக்கோ, அருங்காட்சியகத்துக்கோ அரை நாளாவது ஒதுக்கியிருக்கணும்.
* எத்தனை ஆசிரியர்கள் வர்றாங்க, பயணக் காப்பீடு உண்டா, விசா கட்டணம் பேக்கேஜில் சேருமா, வர முடியாமல் போனால் பணம் திரும்புமா என்று கேளுங்க.
* பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடி இருக்கணும். 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குப் பொதுவாக 5 ஆண்டு அல்லது 18 வயது வரை, எது முன்னால் வருதோ அதுவரைதான் பாஸ்போர்ட் கிடைக்கும். 15 வயது முடிந்திருந்தால் 10 ஆண்டுக்கும் விண்ணப்பிக்கலாம்.
* அங்கே தெரிஞ்சுக்க வேண்டிய மூன்று கேள்விகளை இப்போதே எழுதி வையுங்க. திரும்பி வந்ததும் அதற்கான பதிலை, வர முடியாத நண்பர்களுக்கும் சேர்த்து வகுப்பில் சொல்லுங்க.

அந்த மூன்று கேள்விகளை இன்று ராத்திரியே அப்பாகிட்ட காட்டுங்க. யூடியூப் கேள்விக்கு அதைவிட நல்ல பதில் கிடையாது.