கேட்காவ் முக்தி இல்லம்

சென்னையிலிருந்து மும்பைக்கு இருப்புப்பாதை வழியே செல்லும் அன்பர்கள், தௌண்டைக் கடந்து புனே நகரை நெருங்குமுன் கேட்காவ் என்னும் சிறு நிலையத்தைக் கடக்கின்றனர். பிழைப்பை நாடி மராட்டிய நாட்டிற்கு வந்த தமிழர் பல்லாயிரவர் அவ்வழியே வந்தவர்களே. ஆயினும் சன்னலோரத்தில் அமர்ந்திருப்போரும் அப்பெயர்ப் பலகையைக் கவனிப்பது அரிது. அவ்வூரில்தான், பஞ்சத்தில் அநாதைகளான சிறுமியர்க்கு உணவும் கிறிஸ்தவக் கல்வியும் அளிக்கப் பண்டிதை ரமாபாய் அமைத்த முக்தி இல்லம் இருக்கிறது.

ரமாபாயின் கதையில் நம் நாட்டுப் பஞ்சமும் இடம் பெற்றிருக்கிறது. 1858-ஆம் ஆண்டில் மேற்கு மலைத்தொடரின் கங்காமூலத்தில் பிறந்த அவருக்குப் பெற்றோரே வடமொழி கற்பித்தனர். கோயில் கோயிலாகச் சென்று புராணம் படித்து, கிடைத்ததைக் கொண்டு வாழ்ந்த குடும்பம் அது. தாது வருஷப் பஞ்சத்திற்குச் சற்று முன்னரே சென்னை மாகாணத்தில் வறுமை தலைகாட்டியது. அப்போது இங்கு அலைந்து திரிந்த அக்குடும்பத்தில் தந்தை, தாய், தமக்கை மூவரும் பசிப்பிணிக்கு இரையாயினர். எஞ்சிய அண்ணனும் தங்கையும் கால்நடையாகவே வடக்கு நோக்கிச் சென்று, 1878-இல் கல்கத்தாவை அடைந்தனர். ஆங்கிருந்த அறிஞர்கள் அவரது புலமையை வியந்து, ‘பண்டிதா’, ‘சரஸ்வதி’ என்னும் பட்டங்களை அளித்தனர். பின்னர் அண்ணனையும் கணவரையும் அடுத்தடுத்து இழந்து, கைக்குழந்தையுடன் விதவையானார். 1883-இல் இங்கிலாந்து சென்றவர், அங்கே ஞானஸ்நானம் பெற்றார்.

இளம் விதவைகளுக்கு ஒரு பள்ளி வேண்டும் என்பதே அவரது முதல் நோக்கம். அதற்குப் பொருள் திரட்ட 1886-இல் அமெரிக்கா சென்றார். அடுத்த ஆண்டின் இறுதியில் பாஸ்டன் நகரில் ‘ரமாபாய் சங்கம்’ தோன்றியது. பல ஊர்களில் சிறு சிறு குழுக்கள் சேர்ந்தன. உறுப்பினர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு டாலர் வீதம் பத்தாண்டுகள் தருவதாக உறுதி கூறினர். கண்ணால் காணாத ஒரு குழந்தைக்காகக் கடல் கடந்து ஆண்டுதோறும் சிறு தொகை அனுப்பும் முறை இன்று நமக்குப் பழகிப்போன ஒன்று. அன்று அது புதுமையாகவே இருந்திருக்கும். ஆனால் அச்சங்கத்தார் ஒரு நிபந்தனை விதித்தனர். பள்ளியில் எந்தச் சமயமும் போதிக்கப்படலாகாது என்பதே அது. கொடுத்தவர்களுள் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள் என்பதை இங்கு நினைவிற் கொள்ள வேண்டும்.

1889 மார்ச்சு 11-ஆம் நாள் பம்பாயில் ‘சாரதா சதனம்’ திறக்கப்பட்டது. கிறிஸ்தவராகிவிட்ட அம்மையார் தம் பள்ளிக்குக் கலைமகளின் பெயரையே சூட்டினார்! முதல் மாணவியருள் ஒருவரான கோதுபாயே பிற்காலத்தில் தோண்டோ கேசவ கார்வேயை மணந்தவர். அடுத்த ஆண்டு பள்ளி பூனாவுக்கு மாறியது. மாணவியர் தத்தம் குல ஆசாரப்படி உண்ணவும் வழிபடவும் தடையில்லை. ஆனால் ரமாபாய் தம் அறைக் கதவைத் திறந்து வைத்தே வேதம் வாசித்துச் செபம் செய்வார். விரும்பிய சிறுமியர் உள்ளே வந்து அமரலாம். அந்தத் திறந்த கதவே பூசலுக்குக் காரணமாயிற்று. திலகரின் ‘கேசரி’ கண்டித்து எழுதியது. 1893-இல் ரானடேயும் பண்டார்க்கரும் ஆலோசனைக் குழுவிலிருந்து விலகினர். பெற்றோர் பலர் தம் பெண்களைத் திரும்ப அழைத்துச் சென்றனர்.

திரும்ப அழைத்துச் செல்ல அப்பெண்களுக்கு ஆள் இருந்தனர் என்பதை மறத்தலாகாது. 1896-97-இல் மத்திய மாகாணங்களில் பெரும் பஞ்சம் பரவியபோது ரமாபாய் நேரில் சென்று அழைத்து வந்த ஏறத்தாழ 300 சிறுமியர்க்கு அப்படி ஒருவரும் இல்லை. பூனாவில் அப்போது கொள்ளைநோய் பரவியிருந்தமையால், அவர்களை அந்நகரில் வைத்திருக்க இயலவில்லை. ஆகவே முன்னரே வாங்கியிருந்த கேட்காவ் நிலத்தில் குடியமர்த்தினார். பழைய சங்கத்தின் பத்தாண்டு உறுதி 1898-இல் முடிவுற்றது. பழைய நிபந்தனையும் அதனோடு அகன்றது. முக்தி இல்லம் வெளிப்படையான கிறிஸ்தவ நிலையமாயிற்று. 1900-ஆம் ஆண்டில் குஜராத்துப் பஞ்சமும் சேர, அங்கிருந்தோர் தொகை ஆயிரத்தைக் கடந்தது.

அவர் மதம் மாற்றினார் என்று தூற்றியோரும், உயிர் காத்தார் என்று போற்றியோரும் இவ்விரு வகைச் சிறுமியரின் வேறுபாட்டைப் போதிய அளவு எண்ணிப் பார்த்ததாகத் தோன்றவில்லை. ஒரு சிறுமியின் தந்தை வாசலில் வந்து நின்று, ‘என் மகளைத் தருக’ என்று கேட்க முடியும். மற்றொருத்திக்காக அவ்வாறு கேட்பாரில்லை. அவளுக்கு எது கற்பிக்கப்பட வேண்டும் என்பதைச் சோறளித்த கையே முடிவு செய்தது. அக்கையின் தூய்மையில் எனக்கு ஐயமில்லை. எனினும் அத்தனை பெரிய அதிகாரம் ஒரு கையில் இருந்தது என்பதையும் வரலாறு எழுதுவோர் மறைத்தலாகாது. அதே பூனாவில் கார்வே 1896-இல் தொடங்கிய விதவையர் இல்லம், மதமாற்றம் என்னும் ஐயத்திற்கு இடமின்றிக் கல்வியளிக்க முயன்றது. அவர் மனைவியாகிவிட்ட கோதுபாயும் அப்பணியில் உழைத்தார்.

முக்தியில் கல்வி ஏட்டோடு நிற்கவில்லை. சிறுமியர் தறி நெய்தனர், எண்ணெய் ஆட்டினர், வயலில் உழைத்தனர். பார்வையற்றோர்க்கு ரமாபாயின் மகள் மனோரமா பிரெய்ல் எழுத்தைக் கற்பித்தார். அச்சுக்கூடமும் இருந்தது, பஞ்சத்திலிருந்து மீட்கப்பட்ட பெண்களே ஆங்கு எழுத்துக் கோத்தனர். எளிய மராத்தியில் வேதாகமத்தை மொழிபெயர்க்கும் பணியை ரமாபாய் தம் இறுதி நாள்வரை செய்தார். 1922 ஏப்ரல் 5-ஆம் நாள் அவர் காலமானார். அந்நூல் முழுமையாக வெளிவந்தது அதற்குப் பின்னரே. அதனை அச்சிட்டதும் கேட்காவ் அச்சுக்கூடமே.