கூரையும் சரிவும்: எம். எம். மணியின் மின்துறைக் காலமும் மூணாறும்

எம். எம். மணி 2016 நவம்பரில் கேரளத்தின் மின்துறை அமைச்சரானார். 2021 மே வரை அப்பொறுப்பில் இருந்தார். மார்க்சிஸ்ட் கட்சியின் இடுக்கி மாவட்டச் செயலாளராக நெடுங்காலம் பணியாற்றியவர், மலைநாட்டு மக்களின் மொழியில் பேசுபவர். அவருடைய உடும்பஞ்சோலைத் தொகுதியின் கிழக்கு விளிம்பில் ராமக்கல்மேடு இருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி அங்கே தனியார் காற்றாலைகள் நிற்கின்றன. மின்சாரம் பிறக்கும் மண்ணிலிருந்தே ஒருவர் அத்துறைக்கு வந்தார் என்பதால் அவருடைய நான்கரை ஆண்டுகள் தனிக் கவனத்துக்கு உரியவை.

மின்துறையை ஆராய்வோர் அவர் காலத்துச் சூரியமின் திட்டங்களை எடுத்துப் பாராட்டுகிறார்கள். சூழலியலாளர்கள் மூணாற்று நில விவகாரத்தில் அவர் எடுத்த நிலைப்பாட்டைச் சொல்லிக் கண்டிக்கிறார்கள். இரு தரப்பும் சொல்வதில் உண்மை உண்டு. ஆனால் இரண்டையும் தனித்தனிப் பேரேடுகளில் எழுதும் வரை, இரண்டிலும் பெயர் வராத ஒருவர் இருக்கிறார்: லயத்தில், அதாவது தோட்ட நிறுவனத்தின் வரிசை வீட்டில், குடியிருக்கும் தோட்டத் தொழிலாளி. மணியின் காலநிலைச் செயல்பாட்டை அவர் பக்கத்திலிருந்து அளக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மூணாற்றில் மின்சாரமும் மலைச்சரிவும் ஒரே மழையின் இரண்டு முகங்கள். முதிரப்புழை ஆற்று நீரைக் கொண்டு 1940இல் பள்ளிவாசலில் தொடங்கியதுதான் கேரளத்தின் முதல் நீர்மின் திட்டம். அதற்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன், 1924 ஜூலை வெள்ளத்தில், குண்டளைப் பள்ளத்தாக்கின் ரயில் பாதை அடியோடு போயிற்று. பிறகு அது எழவே இல்லை. 1976இல் இடுக்கி மின்நிலையம் வந்தது; இரண்டாம் கட்டத்துக்குப் பின் அதன் திறன் 780 மெகாவாட் ஆயிற்று. மழையை நம்பி மின்சாரம் எடுக்கும் நாடு அதே மழையைத் தாங்கும் சரிவையும் காக்க வேண்டும் என்ற பாடம் நூறாண்டுப் பழமையுள்ளது.

மணியின் சாதனைகளை முதலில் சொல்வது முறை. 2017 மேயில் கேரளம் முழு மின்மயமான மாநிலமாக அறிவிக்கப்பட்டது. அதற்காக இடமலக்குடி முதுவான் குடிகளுக்குக் காட்டுக்குள் நிலத்தடி கேபிள் பதித்து மின்சாரம் கொண்டுபோனார்கள். மேல்கம்பி இழுத்தால் மரங்கள் விழும், யானைத் தடம் கெடும். செலவு கூடினாலும் கேபிளைத் தேர்ந்தது நல்ல முடிவு. அடுத்த ஆண்டு வந்த ஊர்ஜ கேரள இயக்கத்தில் இழை பல்புகளை ஒழிப்பதும், 'சௌர' என்ற பெயரில் 1,000 மெகாவாட் சூரியமின் உற்பத்தியும் இலக்குகள்; அதில் 500 மெகாவாட் கட்டடக் கூரைகளிலிருந்து வர வேண்டும். அதிரப்பள்ளி 163 மெகாவாட் திட்டத்தை நிறைவேற்றியே தீருவோம் என்று தொடக்கத்தில் பேசியவர், பின்னர் ஒருமித்த கருத்து இல்லாமல் அது நடக்காது என்று ஒதுங்கிக்கொண்டார். எதிர்ப்பு அவரை அசைத்தது என்றாலும், அசைந்தார் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

2018 வெள்ளம் இந்தக் கணக்கின் மறுபக்கத்தைத் திறந்தது. அந்த ஆண்டு ஜூன் தொடக்கம் முதல் ஆகஸ்ட் 19 வரை இடுக்கி மாவட்டத்தில் வழக்கத்தைவிட 92 விழுக்காடு கூடுதல் மழை பெய்ததாக மத்திய நீர் ஆணையம் கணக்கிட்டது. செறுதோணி அணையின் மதகுகள் 26 ஆண்டுகளுக்குப் பின் திறக்கப்பட்டன. வெள்ளத்துக்கு மழையே முதற்காரணம் என்றது ஆணையம். அணை மேலாண்மையில் குறைகள் இருந்தன என்றார் உயர் நீதிமன்றத்தின் நடுநிலை அறிவுரைஞர். இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்வது என் நோக்கமன்று. மின்வாரியத்துக்கு நிறைந்த அணை என்பது வருமானம். கீழே குடியிருப்பவனுக்கு அதே அணை அச்சம். இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கும் வழக்கம் அத்துறையில் வேரூன்றவில்லை என்பதே கவலைக்குரியது.

நிலத்தில் மணியின் நிலைப்பாடு தெளிவானது. மறைத்துப் பேசும் பழக்கம் அவருக்கு இல்லை. 2017 ஏப்ரலில் தேவிகுளம் துணை ஆட்சியர் மூணாற்றுப் பகுதியில் நடத்திய நில ஆக்கிரமிப்பு அகற்றலை அவர் கடுமையாக எதிர்த்தார். அப்போது மூணாற்றுத் தோட்டப் பெண்களின் 'பெண்பிளை ஒருமை' அமைப்பைப் பற்றி அவர் பேசிய பேச்சு, அதே பெண்களைத் தெருவில் உட்கார்ந்து போராடவைத்தது. அவ்வாண்டு இறுதியில் குறிஞ்சிமலைச் சரணாலயத்தின் எல்லைப் பிரச்சினையை நேரில் ஆராயச் சென்ற அமைச்சர்களில் அவரும் ஒருவர். குடியேறிய உழவரின் பட்டாவைக் காப்பது என்ற கோணத்திலிருந்து பார்த்தால் இவை அனைத்தும் ஒரே கோட்டில் நிற்கின்றன.

இதற்கு நேர் எதிரில் பி. டி. தாமஸை வைக்கலாம். இடுக்கியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த (2009–2014) காங்கிரஸ்காரர், அதே மலையில் பிறந்தவர். மேற்குத் தொடர்ச்சி மலையின் சூழலைக் காப்பது பற்றி மாதவ் காட்கில் குழு 2011இல் அளித்த அறிக்கையை வெளிப்படையாக ஆதரித்தார். அதற்காக எதிர்ப்பாளர்கள் அவருக்குப் போலிச் சவ ஊர்வலம் நடத்தினார்கள். 2014 தேர்தலில் கட்சி வாய்ப்பு மறுத்தது. உயர்மலைப் பாதுகாப்புச் சமிதியின் ஆதரவோடும் இடதுசாரிகளின் துணையோடும் நின்ற ஜாய்ஸ் ஜார்ஜ் வென்றார். அறிவியலின் பக்கம் நின்று ஒருவர் அரசியலில் இவ்வளவு விலை கொடுத்தது தென்னிந்தியாவில் அரிது. அவரை நான் மதிக்கிறேன். ஆயினும் அந்தப் பெரிய சண்டை முழுவதும் நிலம் வைத்திருப்பவரைச் சுற்றியே நடந்தது. பட்டா பறிபோகுமா, வீடு கட்ட முடியுமா என்பவையே கேள்விகள். பட்டாவே இல்லாதவருக்கு அதில் இடமில்லை.

2020 ஆகஸ்ட் 6 இரவு அந்த விடுபடல் வெளிச்சத்துக்கு வந்தது. ராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. எழுபது பேர் மாண்டனர். நால்வரின் உடல் கிடைக்கவே இல்லை. பெரும்பாலோர் தமிழர், பலருக்குக் கயத்தாறு பக்கம் உறவினர். அன்றிரவு அங்கே மின்சாரமும் இல்லை, கைபேசித் தொடர்பும் இல்லை. நடந்தது வெளியுலகுக்குத் தெரிய மறுநாள் காலை ஆயிற்று. 2018 வெள்ளத்தில் போன பெரியவாரைப் பாலத்துக்குப் பதில் தற்காலிகப் பாலம்தான் இருந்தது. அதுவும் மழையில் சேதமாகி மீட்பு வண்டிகள் தாமதப்பட்டன. இடமலக்குடிக்குப் போகும் வழியே பெட்டிமுடிதான். முழு மின்மயம் என்ற அறிவிப்பு வந்து மூன்றாண்டு கழிந்து, மின்துறை அமைச்சரின் சொந்த மாவட்டத்தில், பள்ளிவாசல் இருக்கும் அதே மூணாற்று மலைகளில், ஓர் ஊர் இருட்டில் புதைந்தது. அதே வாரம் கரிப்பூர் விமான விபத்தில் இறந்தோருக்கு மாநில அரசு பத்து லட்சம் அறிவித்தது. பெட்டிமுடிக்கு ஐந்து லட்சம். இந்த வேறுபாட்டை மூணாற்றுக்காரர் எவரும் மறக்கவில்லை.

இனிக் கூரைக்கு வருவோம். 'சௌர' திட்டத்தின் முதல் வடிவத்தில், வாரியமே செலவு செய்து கூரையில் தகடுகளைப் பொருத்தும். விளைந்த மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்கு கூரைக்காரருக்கு. ஏழைக்கும் உதவக்கூடிய ஏற்பாடு; ஆனால் கூரை சொந்தமாக இருக்க வேண்டும். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு கொடுப்பதை முதலாளியின் கடமையாக்கியது. அதனாலேயே வீடு வேலையோடு கட்டப்பட்டிருக்கிறது. பணி ஓய்வு பெற்றால் லயத்தைக் காலி செய்ய வேண்டும். அதைத் தவிர்க்க, வீட்டில் ஒரு பிள்ளையாவது கொழுந்து எடுக்கப் போகிறது. 2005இல் மூணாற்றுத் தோட்டங்களிலிருந்து டாடா டீ விலகியபின் உருவான கண்ணன் தேவன் நிறுவனத்தில் தொழிலாளர்கள் பங்குதாரர்கள். தேயிலையில் பங்கு உண்டு, தலைக்கு மேலுள்ள தகரத்தில் இல்லை.

லயங்கள் தோட்ட நிறுவனத்தின் பொறுப்பு, தொழிலாளர் துறையின் மேற்பார்வை. மின்துறை அமைச்சரை அதற்குக் குற்றம் சொல்லலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் மணி மின்துறைக்குள் அடங்கிய அமைச்சராக ஒருநாளும் நடந்துகொள்ளவில்லை. பட்டா, ஆக்கிரமிப்பு, சரணாலய எல்லை என்று வருவாய்த் துறையின் வேலைகளிலெல்லாம் மலைநாட்டின் பிரதிநிதியாகத் தலையிட்டார். அந்தத் தலையீட்டுச் சக்தி குடியேறியவரின் நிலத்துக்குக் கிடைத்த அளவு லயக்காரரின் கூரைக்குக் கிடைக்கவில்லை என்பதே குற்றச்சாட்டு. பெட்டிமுடியில் தப்பியோருக்குக் குற்றியார் பள்ளத்தாக்கில் அரசு நிலம் கொடுக்க, நிறுவனம் எட்டு வீடுகள் கட்டித் தந்தது. முடியும் என்பதற்கு அதுவே சான்று. அதற்கு எழுபது உயிர் போக வேண்டியிருந்தது.

மணிக்குப் பின் பாலக்காட்டுச் சித்தூரின் கே. கிருஷ்ணன்குட்டி அத்துறைக்கு வந்தார். கூரைமின் வேகமாக வளர்ந்தது. அந்த வளர்ச்சியும் சொந்த வீட்டார் வழியாகவே வந்தது. லயக்காரருக்கும் அது எட்ட வழி உண்டு. ஆபத்தான சரிவில் நிற்கும் லயங்களை முதலில் இடம் மாற்ற வேண்டும். எஞ்சியவற்றின் நீண்ட தகரக் கூரைகளில் வாரியம் தகடு பொருத்தி, கூரைப் பங்கை நிறுவனத்துக்குத் தராமல் கீழே குடியிருப்பவரின் மின்கணக்கில் சேர்க்கலாம். தோட்டங்களோடு அப்படியோர் உடன்பாட்டைப் பேசும் செல்வாக்கு மலைநாட்டில் மணிக்கு இருந்ததுபோல் வேறு எந்த மின்துறை அமைச்சருக்கும் இருந்ததில்லை.