இடம் அறிதல்: பிலிப் லாமின் ஆட்டமும் ஜெர்மானியத் தற்காப்பின் மாற்றமும்

2014 ஜூலை 13 அன்று ரியோ டி ஜெனிரோவின் மரக்கானா அரங்கில் பிலிப் லாம் ஜெர்மனியின் அணித்தலைவராகக் கால்பந்து உலகக் கோப்பையை உயர்த்தினார். ஐந்தே நாளில், 30 வயதில், 113 பன்னாட்டு ஆட்டங்களோடு தேசிய அணியிலிருந்து விலகினார். பயர்ன் மியூனிக் அணியில் மேலும் மூன்று பருவங்கள் ஆடி 2017இல் ஓய்வு பெற்றார். அவரைப் பற்றி எழுதுவோர் பலரும் ‘எந்த இடத்திலும் ஆடக்கூடியவர்’ என்று பாராட்டுவதோடு நின்றுவிடுகிறார்கள். அந்தப் பாராட்டு அவரது சாதனையைக் குறைத்தே காட்டுகிறது. இடப்பக்கம், வலப்பக்கம், நடுக்களம் ஆகிய மூன்றிலும் லாம் செய்தது ஒரே வேலை: ஆடுகளத்தில் அடுத்து எங்கே வெளி திறக்கும் என்பதை மற்றவர்களுக்கு முன்பே கண்டு அங்கே போய் நிற்பது. ஜெர்மானியத் தற்காப்பு மரபு மாறியதன் தெளிவான சான்று அந்த வேலையே என்பது இக்கட்டுரையின் வாதம்.

மரபும் வாய்ப்பும்

ஜெர்மானியத் தற்காப்பு நெடுங்காலம் இரு தூண்களில் நின்றது. ஒன்று, எதிராளி ஒருவரை ஆட்டம் முழுவதும் விடாமல் தொடர்ந்து மறிப்பது. 1974 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் பெர்ட்டி ஃபோக்ட்ஸ் நெதர்லாந்தின் யோகன் கிரைஃபை அப்படித்தான் மறித்தார். மற்றொன்று, எல்லாருக்கும் பின்னே தனித்து நின்று ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் ‘லிபரோ’. பெக்கன்பவுர் அந்த இடத்துக்கு இலக்கணம் வகுத்தார். 2000 ஐரோப்பியக் கோப்பையிலும் 39 வயது லோத்தர் மத்தேயுஸ் அதே இடத்தில் நிறுத்தப்பட்டார். ஜெர்மனி முதல் சுற்றிலேயே வெளியேறியது. அதன்பின் நால்வர் ஒரே வரிசையில் நின்று, ஆளைவிட வெளியைக் காக்கும் முறை வலுப்பெற்றது.

லாம் வளர்ந்தது இந்த இடைக்காலத்தில். பயர்னின் இருபக்கப் பின்களத்திலும் லிசராசு, சான்யோல் என்ற பிரெஞ்சு வீரர்கள் நிலைபெற்றிருந்ததால், 2003இல் இரு பருவங்களுக்கு ஸ்டுட்கார்ட் அணிக்கு இரவலாக அனுப்பப்பட்டார். அங்கும் வலப்பக்கம் ஆந்திரேயாஸ் ஹிங்கலுக்கு உரியதாக இருந்தது. ஆகவே பயிற்சியாளர் ஃபெலிக்ஸ் மகாத், வலக்கால் ஆட்டக்காரரான லாமை இடப்பக்கம் இறக்கினார். தேவை கருதிச் செய்த அந்த ஏற்பாடு அவரது ஆட்டத்தின் அடித்தளமாயிற்று.

மூன்று கோல்கள், ஒரே பாதை

வலக்காலர் இடப்பக்கம் ஆடினால் எல்லைக்கோட்டை ஒட்டி ஓடுவதைவிட உள்நோக்கித் திரும்புவது இயல்பு. 2006 ஜூன் 9 அன்று மியூனிக்கில் கோஸ்டா ரிக்காவுக்கு எதிரான உலகக் கோப்பைத் தொடக்க ஆட்டத்தில், காயம்பட்ட இடது கையில் கட்டுடன் ஆடிய லாம், ஆறாவது நிமிடத்தில் உள்நோக்கி வெட்டி வலக்காலால் அடித்தார். பந்து தொலைக் கம்பத்தில் பட்டு உள்ளே போனது. 2012 ஐரோப்பியக் கோப்பையில் கிரீசுக்கு எதிரான கோலும் அதே பாதையில் வந்தது. இவ்விரண்டுக்கும் இடையே, 2008 ஐரோப்பியக் கோப்பையில் துருக்கிக்கு எதிராகப் பாசெலில் நடந்த அரையிறுதி இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. 86ஆம் நிமிடத்தில் துருக்கியின் சப்ரி லாமைக் கடந்து போய்த் தந்த பந்தை செமிக் சமன் கோலாக்கினார். நான்கு நிமிடம் கழித்து லாம் உள்நோக்கி வந்து, சக வீரர் ஹிட்சில்ஸ்பெர்கருடன் பந்தைக் கொடுத்து வாங்கி, கோல்கீப்பர் ருஷ்டுவுக்கு அருகேயிருந்த கம்பத்தை ஒட்டி அடித்து வெற்றியைத் தந்தார். ஜெர்மனிக்காக அவர் அடித்த கோல்கள் ஐந்தே. அவற்றில் மூன்று பெருந்தொடர்களில் இப்படி வந்தவை. ஒரே பாதை திரும்பத் திரும்ப வருவதால் இவற்றைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாது.

நடுக்களமும் மறுப்பும்

2013இல் பயர்னுக்கு வந்த பெப் குவார்டியோலா, மூன்று பட்டங்களை ஒரே பருவத்தில் வென்ற அணியின் தலைவரை நடுக்களத்துக்கு மாற்றினார். தாம் பயிற்றுவித்தவர்களுள் மிகவும் அறிவுக்கூர்மை உடையவர் லாமாக இருக்கலாம் என்றும் சொன்னார். பக்கவாட்டில் எல்லைக்கோடு ஒருபுறம் அரணாக நிற்கும். நடுவில் நான்கு திசையிலிருந்தும் எதிராளி வருவார். அங்கும் லாமால் நிலைக்க முடிந்தது இக்கட்டுரையின் வாதத்துக்கு வலுச்சேர்க்கிறது.

மறுப்பும் உண்டு. 2008 ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தில் ஸ்பெயினின் சாவி தந்த பந்தை நோக்கி லாம் முன்னதாகவே ஓடினார். டோரஸ் வேகத்தாலும் உடல்வலுவாலும் அவரைத் தாண்டிக் கோலடித்தார். 2014 உலகக் கோப்பையில் கானாவுக்கு எதிராக லாம் நடுக்களத்தில் பறிகொடுத்த பந்து கோலானது. இடத்தை அறிவது உடல்வலுவுக்கு முழு மாற்றாகாது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எனினும் 170 செ.மீ. உயரமே உள்ள ஒரு பின்கள வீரர் தம் தொழில்முறை வாழ்வில் ஒருமுறைகூடச் சிவப்பு அட்டை பெறவில்லை. பிந்தி வருபவரே இழுத்துப் பிடித்தும் இடறிவிட்டும் தடுக்க வேண்டியவராகிறார். முந்தி நின்றவருக்கு அந்தத் தேவை அரிது. கானா ஆட்டத்துக்குப் பின் நிகழ்ந்ததும் கருதத்தக்கது. அல்ஜீரியாவுக்கு எதிராக வலப்பக்கம் ஆடிய முஸ்தாஃபி காயமடைந்ததும் லாம் வலப்பக்கம் திரும்பினார். பிரான்சுக்கு எதிரான காலிறுதியைப் பயிற்சியாளர் யோவாகிம் லோவ் அந்த அமைப்பிலேயே தொடங்கினார். பிரேசிலை 7-1 என வென்ற அரையிறுதியில் இரு கோல்களுக்கு வலப்பக்கத்திலிருந்து பந்து தந்தவர் லாம்.

முடிவு

பின்கள வீரர்களை எத்தனை பந்து பறித்தார்கள், எத்தனை முறை தலையால் முட்டி வெளியேற்றினார்கள் என்று எண்ணி மதிப்பிடும் வழக்கம் லாமைப் போன்றவர்களுக்கு நீதி செய்யாது. அவர்களது சிறந்த தற்காப்பு, ஆபத்து உருவாகாமலே போவதில் இருக்கிறது. ஆகவே உயரத்தையும் உடற்கட்டையும் முதலில் பார்த்து இளம் பின்கள வீரர்களைத் தேர்பவர்கள், அந்த வீரர்களிடம் பந்து வராத நேரத்தில் அவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்பதையும் அதே அக்கறையோடு பார்க்க வேண்டும்.