கொள்ளையில் நேர்ந்த கொலையும் கூட்டாளிகளின் பொறுப்பும்: காரைக்கால் கண்ட இரு சட்டங்கள்

1739இல் பிரெஞ்சுக்காரர் வசமான காரைக்கால், கிழக்கே கடலும் மற்றத் திசைகளில் ஆங்கிலேயரின் தஞ்சாவூர் மாவட்டமும் சூழ்ந்த பகுதியாக நெடுங்காலம் இருந்தமையால், கொள்ளையிடச் சென்றவர்களுள் ஒருவன் கொலை செய்தால் மற்றவர்களும் அக்கொலைக்குப் பொறுப்பாவார்களா என்னும் வினாவுக்கு அப்பகுதியைச் சேர்ந்த கோட்டுச்சேரிமேட்டில் ஒரு சட்டமும் எல்லைக்கு அப்பால் வேறொரு சட்டமும் விடை கூறின.

1819 முதல் பிரெஞ்சிந்தியப் பகுதிகளில் நடைமுறைக்கு வந்த பிரெஞ்சுச் சட்டத் தொகுப்புகளுள், 1810ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் உடந்தையாளனை, அதாவது தூண்டியவன், ஆயுதம் தந்தவன், அறிந்தே துணைநின்றவன் ஆகியோரை, குற்றம் புரிந்தவனுக்குரிய தண்டனைக்கே உள்ளாக்கியது. கொலையுடன் மற்றொரு பெருங்குற்றமும் சேர்ந்திருந்தால் மரண தண்டனை விதித்தது. குற்றம் புரியக் கூட்டம் சேர்வதையே தனிக்குற்றமாகவும் கருதியது.

1862 முதல் அண்டைப் பகுதியில் செயல்பட்ட இந்திய தண்டனைச் சட்டம் பொறுப்பைப் பல படிகளாகப் பிரித்தது. ஐவரோ அதற்கு மேற்பட்டோரோ சேர்ந்து நடத்தும் கூட்டுக்கொள்ளையில் ஒருவன் கொலை செய்தாலும், 396ஆம் பிரிவின்படி அக்கொள்ளையில் சேர்ந்து ஈடுபட்ட அனைவரும் மரணம், ஆயுள் தண்டனை அல்லது பத்தாண்டு வரையிலான கடுங்காவலுக்கு உரியவராயினர். களத்துக்கே வராதவனைப் பற்றி 111ஆம் பிரிவின் எடுத்துக்காட்டு ஒன்று தெளிவாகப் பேசியது: நள்ளிரவில் ஒரு வீட்டில் கொள்ளையிட இருவரைத் தூண்டி ஆயுதமும் கொடுத்தவன், தங்களைத் தடுத்த வீட்டுக்காரரை அவர்கள் கொன்றால், அக்கொலை அத்தூண்டுதலால் நேரக்கூடிய விளைவாக இருக்கும் பட்சத்தில், கொலைக்கான தண்டனைக்கு ஆளாவான். திட்டமிடும் உடன்பாட்டையே தண்டிக்கும் பொதுவான குற்றச்சதிப் பிரிவுகள் 1913இல்தான் சேர்க்கப்பட்டன.

ஐவருக்குக் குறைந்த கூட்டத்துக்குப் பொது உள்நோக்கத்தைப் பற்றிய 34ஆம் பிரிவு துணைநின்றது. 1923 ஆகஸ்டில் கல்கத்தாவின் சங்கரிதோலா அஞ்சலகத்தில் பணம் கேட்டு வந்தவர்கள் அஞ்சல் அதிகாரியைச் சுட்டுக்கொன்ற வழக்கில், தான் வெளிமுற்றத்தில் நின்றதாகவே வாதிட்ட பரேந்திர குமார் கோஷின் முறையீட்டை 1924இல் அன்றைய உச்ச முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் ஏற்கவில்லை; பொது உள்நோக்கத்தை நிறைவேற்ற ஒவ்வொருவரும் வெவ்வேறு செயலைச் செய்தாலும் முழுச் செயலுக்கும் எல்லோரும் பொறுப்பு என்பது அத்தீர்ப்பின் சாரம்.

1954 நவம்பர் 1இல் காரைக்காலின் நிர்வாகம் இந்தியாவிடம் வந்த பின்னரும் பிரெஞ்சுத் தண்டனைச் சட்டம் உடனே நீங்கிவிடவில்லை. 1963ஆம் ஆண்டின் 7ஆம் ஒழுங்குமுறைச் சட்டத்தின் வழியாக, அவ்வாண்டு அக்டோபர் 1 முதலே இந்திய தண்டனைச் சட்டம் இங்கு விரிவாக்கப்பட்டது. 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா, கொலையுடன் கூடிய கூட்டுக்கொள்ளையை 310ஆம் பிரிவிலும், தூண்டியவனின் பொறுப்பை 51ஆம் பிரிவிலும் வைத்துள்ளது. பிரிவு எண்கள் மாறினாலும், கத்தியை ஏந்தாத கை குற்றமற்ற கையாகிவிடாது என்பதில் அன்றைய பிரெஞ்சுச் சட்டமும் இன்றைய இந்தியச் சட்டமும் ஒத்துப்போகின்றன.